கம்பியில்லாக் கருவிப் பலகை: சூடும் மின்குறையும் களையும் முறை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. படுவான்கரையில் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நீரைக்கொண்டும், மாரி மழையைக்கொண்டும் நெல் வேளாண்மை நடைபெறுகின்றது. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையின் மணல் நிலத்திலோ, ஆழங்குறைந்த கிணறுகளின் நீரைக்கொண்டு மிளகாய், வெங்காயம், கத்தரி, வெண்டி முதலிய தோட்டப் பயிர்கள் செய்யப்படுகின்றன. இரு கரையிலும் கமக்காரரின் முதற் கவலை நீரேயாகும். எப்பொழுது பாய்ச்சுவது, எவ்வளவு பாய்ச்சுவது, எப்பொழுது நிறுத்துவது என்பவற்றைப் பொறுத்தே விளைவு அமைகின்றது.

இந்நீரின் அளவை வீட்டிலிருந்தவாறே அறிவதற்கும், நீரிறைக்கும் மோட்டரைக் கைத்தொலைபேசியால் இயக்குவதற்கும் உதவும் சிறு மின்னணுப் பலகைகள் இப்பொழுது குறைந்த விலையிற் கிடைக்கின்றன. வழிப்படுத்தும் சிற்றறிவும் வானொலி அலையால் செய்தி அனுப்பும் ஆற்றலும் ஒரே பலகையில் அமைந்தமையால் இவை கம்பியில்லா நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் எனப்படும். சீனாவின் சாங்காய் நகரிலுள்ள எஸ்பிரெசிவ் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 8266, 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஈ.எஸ்.பி. 32 ஆகிய சில்லுகளைக் கொண்டவையே இவற்றுட் பெருவழக்காயுள்ளன.

இப்பலகைகளைப் பொருத்திய சில வாரங்களுள் “பலகை பழுதாகிவிட்டது” என்று கழற்றி எறிவோர் பலர். ஆராய்ந்து பார்க்கின், அவ்வாறு எறியப்படுவனவற்றுட் பெரும்பாலானவற்றில் பலகை பழுதுபடவில்லை என்பது புலனாகும். அதற்குச் செல்லும் மின் போதாமையோ, அதனைச் சூழ்ந்த வெப்பம் மிகுந்தமையோதான் காரணமாயிருக்கும். இவ்விரண்டையும் அறிந்து நீக்கும் முறையே இங்குக் கூறப்படுகின்றது.

பலகை நின்றுபோவதால் வரும் கேடு

பலகையின் விலை சிறிதேயாயினும், அது நின்றுபோவதால் வரும் நட்டம் பெரிது. நெற்பயிர் பூப்பதற்கு ஒரு வாரம் முன்னும், பூத்தபின் ஒரு வாரமும் வயலில் ஏறத்தாழ 5 சதமமீற்றர் நீர் நிற்றல் வேண்டும் என்பது பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுரை. அக்காலத்தில் பலகை வாயடைத்துப்போய், இறுதியாக அனுப்பிய அளவே தொலைபேசியிற் காட்சியளித்துக்கொண்டிருப்பின், வயல் காய்வதைக் கமக்காரர் அறியார். கதிர் பதராகும்.

எழுவான்கரையில் கேடு வேறு வகையினது. அங்கு நன்னீர் மணலின் கீழே உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படையாகவே உள்ளது. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் கீழுள்ள உவர்நீர் மேலேறிக் கிணற்றைக் கெடுக்கும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல்கோளுக்குப் பின் கிழக்குக் கரையின் கிணறுகளைச் சுத்திகரிக்க வேண்டிப் பெருமளவில் இறைத்தமை, சில இடங்களில் உவர் நீங்குவதைத் தாமதப்படுத்தியதென்பது அறிந்ததே. ஆகவே, மோட்டரை நிறுத்த வேண்டிய பலகை நிறுத்தாது விடின் ஓரிரவிலேயே தோட்டத்தின் நீர்நிலைக்குத் தீங்கு நேரும். பலகையின் மின்னையும் சூட்டையும் கவனித்தல் பயிரையும் கிணற்றையும் காப்பதேயாகும்.

பலகை மின்னை உண்ணும் விதம்

ஈ.எஸ்.பி. 32 சில்லு 3.3 வோல்ற்றில் இயங்குவது. 3.0 வோல்ற்றுக்குக் குறையாமலும் 3.6 வோல்ற்றை மிஞ்சாமலும் அதற்கு மின் கிடைத்தல் வேண்டும். வைஃபை இயங்கும்போது அது சராசரியாக ஏறத்தாழ 100 மில்லியம்பியர் மின்னோட்டத்தைக் கொள்ளும். செய்தி அனுப்பும் கணத்தில் மட்டும் 240 மில்லியம்பியர் வரை கொள்ளும். ஆகையால் குறைந்தது 500 மில்லியம்பியர் தரவல்ல மின்வழங்கி அதற்கு வேண்டும் என்று செய்தவர்களே கூறியுள்ளனர்.

இதனை வாய்க்கால் நீரோடு ஒப்பிட்டு நோக்கலாம். தலைமடையில் வாய்க்கால் நிரம்பி ஓடுவதாகத் தோன்றும். எல்லோரும் ஒரே வேளையில் மடையைத் திறந்தவுடன் கடைமடையில் நீர் வற்றிவிடும். மின்வழங்கி தலைமடை, பலகை கடைமடை, இடையிலுள்ள கம்பி வாய்க்கால். பலகை சும்மாயிருக்கும்போது கம்பியின் இரு முனையிலும் வோல்ற்றளவு சரியாகவே காணப்படும். செய்தி அனுப்பத் தொடங்கிய கணத்தில் பலகையின் முனையில் அது வீழ்ந்துவிடும். வீழ்ச்சியை உணர்ந்த சில்லு தன்னைத்தானே நிறுத்தி மீண்டும் எழும், எழுந்தவுடன் செய்தி அனுப்ப முயலும், மீண்டும் வீழும். சிறு விளக்கு இடைவிடாது மின்னிக்கொண்டிருப்பதும், கணினியில் இணைத்துப் பார்க்கும்போது “பிரவுன்அவுட்” என்னும் சொல் திரும்பத் திரும்பத் தோன்றுவதும் இந்நோயின் அறிகுறிகளாம்.

வாய்க்கால் ஒடுங்குவதைப்போலவே மெல்லிய கம்பியும் கேடு செய்யும். தொலைபேசிக்கு மின்னேற்றும் மலிவான யுஎஸ்பி கம்பி 3 மீற்றர் நீளமாயிருப்பின், 0.4 அம்பியர் செல்லும்போது ஏறத்தாழ அரை வோல்ற்று அக்கம்பியிலேயே வீணாகும். 5 வோல்ற்றாகப் புறப்பட்டது 4.5 வோல்ற்றாகவே சென்றடையும். பல பலகைகளில் 5 வோல்ற்றை 3.3 ஆக இறக்கித் தரும் ரெகுலேற்றர் என்னும் சிறு துண்டு, தான் தரவேண்டிய அளவிலும் ஏறத்தாழ 1.1 வோல்ற்று கூடுதலாகப் பெற்றாலன்றிச் சரிவர இயங்காது. அதாவது 4.4 வோல்ற்றாயினும் அதற்கு வேண்டும். 4.5 வோல்ற்று வரம்பின் விளிம்பில் நிற்பதாகும். சிறிது குறையினும் பலகை தடுமாறும். ஆதலால் கம்பி தடித்ததாகவும் 1 மீற்றருக்கு மேற்படாததாகவும் இருத்தல் நன்று. பலகையின் மின் முனைகளுக்கு அண்மையில் 470 முதல் 1000 மைக்கிரோபரட் வரையுள்ள கொள்ளளவி ஒன்றை, நேர் எதிர் முனை மாறாது பொருத்துவதும் பயன் தரும். அது வயலின் மூலையில் அமைத்த சிறு நீர்த்தொட்டி போன்றது. கணநேரத் தேவையைத் தன்னிடமுள்ளதிலிருந்து கொடுத்து உதவும்.

மின்கலத்தால் இயங்கும் பலகை

படுவான்கரை வயல்களில் மின்கம்பி செல்லாத இடங்களே பெரும்பாலன. அங்குப் பலகை லித்தியம் மின்கலத்தாலும் சூரிய மின்தகட்டாலும் இயங்குகின்றது. இங்கு மூன்று தவறுகள் பொதுவாகக் காணப்படுகின்றன.

முதலாவது, லித்தியம் மின்கலத்தைப் பலகையின் 5 வோல்ற்று முனையில் இணைத்தல். இம்மின்கலம் நிரம்பிய நிலையில் 4.2 வோல்ற்றும், பெரும்பொழுதில் 3.7 வோல்ற்றும் தரும். ரெகுலேற்றருக்கு வேண்டிய 4.4 வோல்ற்று ஒருபோதும் கிடைக்காது. காலையில் மின்னேற்றியவுடன் ஒருவாறு இயங்கிய பலகை மாலைக்குள் தடுமாறுவது இதனாலேயாகும். மின்கலத்துக்கென்றே செருகுமுனை அமைந்த பலகையை வாங்குதலோ, மின்கலத்தின் வோல்ற்றளவை 5 ஆக உயர்த்தித் தரும் துணைப்பலகையை இடையில் வைத்தலோ தக்கது. மின்கலத்தை 3.3 வோல்ற்று முனையில் நேரடியாக இணைத்தல் ஆகாது, 4.2 வோல்ற்று சில்லைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது, பலகையை எந்நேரமும் விழித்திருக்கச் செய்தல். 100 மில்லியம்பியர் வீதம் 24 மணி நேரத்துக்கு 2400 மில்லியம்பியர்மணி செலவாகும். 2500 மில்லியம்பியர்மணி கொள்ளும் மின்கலம் ஒரே நாளில் வெறுமையாகும். வயலின் நீர்மட்டம் நொடிக்கு நொடி மாறுவதன்று. கால் மணிக்கு ஒருமுறை 10 செக்கன் விழித்து அளந்து அனுப்பிவிட்டு மீண்டும் உறங்கினால் போதும். அப்பொழுது நாளொன்றுக்கு விழித்திருக்கும் நேரம் 16 நிமிடமே. அந்நேரத்தில் 120 மில்லியம்பியர் கொள்வதாக எடுத்துக்கொண்டாலும் 32 மில்லியம்பியர்மணியே செலவாகும்.

ஆனால் உறக்கத்திலும் ஒரு மறைவான செலவு உண்டு. சில்லு மாத்திரம் ஆழ்ந்து உறங்கும்போது 10 மைக்கிரோஅம்பியர் அளவே கொள்ளும். பயிற்சிக்கென விற்கப்படும் பலகைகளிலோ மின்விளக்கும், கணினி இணைப்புத் துண்டும், ரெகுலேற்றரும் உறங்குவதில்லை. இவை சேர்ந்து 5 மில்லியம்பியர் அளவு கொண்டால் நாளுக்கு 120 மில்லியம்பியர்மணி ஆகிவிடும். மொத்தச் செலவு 152. மின்கலத்தில் 2000 மில்லியம்பியர்மணியைப் பயன்படுத்தலாமெனின் அது 13 நாளைக்கே போதும். உறக்கத்தில் 0.05 மில்லியம்பியர் மாத்திரம் கொள்ளும் பலகையைத் தெரிந்தெடுப்பின் மொத்தச் செலவு 33 ஆகக் குறைந்து, அதே மின்கலம் ஏறத்தாழ 60 நாள் தாங்கும்.

மூன்றாவது, கோடையின் வெயிலைக் கணக்கிட்டு மாரியை மறத்தல். 6 வோல்ற்று 1 வாற்று மின்தகடு நல்ல வெயிலில் ஏறத்தாழ 160 மில்லியம்பியர் தரும். நான்கு மணி நேர நல்வெயிலுக்கு 640 மில்லியம்பியர்மணி. நவம்பர் முதல் ஜனவரி வரை வானம் நாட்கணக்கில் மூடியிருக்கும்போது அதில் ஐந்திலொரு பங்கு கிடைப்பதாகக் கொண்டால் 130 மாத்திரமே. நாளுக்கு 152 செலவிடும் பலகை அம்மழையில் மெல்ல மெல்ல இறக்கும். 33 செலவிடும் பலகை தழைத்து நிற்கும். பெரிய மின்தகடு வாங்குவதற்கு முன் பலகையின் உறக்கச் செலவைக் குறைப்பதே சிக்கனமான வழியாகும். மின்தகடு தென்திசை நோக்கி 10 பாகையளவு சாய்ந்திருப்பின் வெயிலும் படும். மழைநீர் தூசியைக் கழுவிச் செல்லவும் இடமாகும்.

தொலைபேசிக்கு மின்னேற்ற உதவும் ‘பவர் பாங்க்’ என்னும் பெட்டியைச் சிலர் பலகைக்குப் பயன்படுத்துகின்றனர். பலகை உறங்கும்போது மின்னோட்டம் மிகக் குறைவதால், எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதி அப்பெட்டி தன்னை நிறுத்திக்கொள்ளும். பலகை பின்னர் எழாது. இது பலகையின் குற்றமன்று. உறங்கும் பலகைக்கு அத்தகைய பெட்டி ஏற்றதன்று என்பதே பொருள்.

சூடு எங்கிருந்து வருகின்றது

சூட்டுக்கு மூன்று ஊற்றுகள் உண்டு: ரெகுலேற்றர், அலை, வெயில். மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

ரெகுலேற்றர் வோல்ற்றளவை இறக்கும்போது மிகுந்ததை வெப்பமாகவே வெளிவிடுகின்றது. 5 வோல்ற்றிலிருந்து 3.3 ஆக இறக்கி 0.1 அம்பியர் தரும்போது வெளிவரும் வெப்பம் 0.17 வாற்று, இது பொறுக்கக்கூடியது. உழவு இயந்திரத்தின் 12 வோல்ற்று பற்றரியை நேரே இணைப்பின் அதே மின்னோட்டத்துக்கு 0.87 வாற்று வெப்பம் வெளிவரும். நகத்தளவான துண்டு இதனைத் தாங்காது. விரலை வைக்க முடியாதவாறு சூடேறித் தன்னை நிறுத்தும். ஆறியபின் மீண்டும் இயங்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நின்று நின்று எழும் பலகையில் இதனையே முதலில் ஐயுறுதல் வேண்டும். 12 வோல்ற்றை 5 ஆக இறக்குவதற்கு வெப்பமாக வீணாக்காத ‘பக்’ வகைத் துணைப்பலகை ஒன்றைப் பயன்படுத்தல் முறையாகும்.

இரண்டாம் ஊற்று அலையாகும். வீட்டிலுள்ள வைஃபை பெட்டி தொலைவிலிருப்பின் பலகை ஒரே செய்தியைப் பலமுறை அனுப்ப வேண்டியதாகும். அதனால் நீண்டநேரம் விழித்திருக்கும், மின்னும் செலவாகும், சூடும் ஏறும். தகரப் பெட்டிக்குள் வைத்த பலகைக்கும் இதே நிலை, உலோகம் அலையைத் தடுப்பதால். நெல் இடுப்பளவு உயர்ந்து ஈரமாய் நிற்கும்போதும் அலை குன்றும்; நாற்றுப் பருவத்தில் நன்கு இயங்கிய பலகை குடலைப் பருவத்தில் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். பலகையைப் பயிருக்கு மேல் 2 மீற்றர் உயரத்தில் கம்பத்தில் அமைப்பது நன்று. வீட்டுக்கும் வட்டைக்கும் இடையே கிலோமீற்றர் கணக்கான தூரம் உண்டெனின் வைஃபை பயன்படாது. குறைந்த மின்னில் நெடுந்தூரம் செல்லும் ‘லோரா’ வகைப் பலகையே தக்கது.

மூன்றாம் ஊற்று வெயில். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மலைநாட்டைக் கடந்து இறங்கும் கச்சான் காற்று உலர்ந்து வெம்மையாய் வீசுவதை இப்பகுதியார் நன்கறிவர். வெளியே 34 பாகை செல்சியசாக இருக்கும் நண்பகலில் மூடிய கறுத்த பெட்டிக்குள் 55 பாகைக்கு மேலும் ஏறக்கூடும். சில்லு 85 பாகை வரை தாங்கவல்லது. ஆனால் லித்தியம் மின்கலத்தை 45 பாகைக்கு மேல் மின்னேற்றுதல் ஆகாது. வெயில் மிகுந்த நேரமே மின்தகடு மிகுதியாக மின்னேற்றும் நேரமுமாகும். ஆதலால் பெட்டியின் வெம்மையில் முதலில் கெடுவது பலகையன்று, மின்கலமே. ஒரு சிறுபோகத்திலேயே மின்கலம் கொள்ளளவு குன்றிப்போவதன் இரகசியம் இதுவாகும்.

பெட்டி அமைக்கும் முறை

பெட்டி வெள்ளை நிறப் பிளாஸ்டிக்காலானதாக இருத்தல் வேண்டும். அதன்மேல் நான்கு விரல் இடைவெளி விட்டு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டையோ மரப்பலகையையோ கூரையாகப் பொருத்தினால் வெயில் கூரையிற் படும், காற்று இடையே ஓடும், பெட்டி ஆறியிருக்கும். சூரிய மின்தகட்டையே அவ்வாறு இடைவெளி விட்டுக் கூரையாக்கலாம். மின்தகட்டின் முதுகிலே மின்கலத்தை ஒட்டிவைத்தல் மாத்திரம் தவறு. வெயிலில் அம்முதுகு மிகச் சூடாகும். கிடுகு நல்ல நிழல் தருமாயினும், லித்தியம் மின்கலம் தீப்பற்றும் தன்மையுடையதாதலால் கிடுகுக் கூரைக்கு அண்மையில் அதனை வைத்தல் கூடாது.

காற்றுத் துளைகள் பெட்டியின் அடிப்புறத்திலேயே இருத்தல் வேண்டும், மழை புகாது. அவற்றை நுண்வலையால் மூடாவிடின் எறும்பும் பல்லியும் குடிபுகும். கம்பிகள் அடிப்புறமாகவே நுழைவதும், நுழையுமுன் ஒரு வளைவாகத் தாழ்ந்து எழுவதும் நன்று. நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். வாவிக்காற்றும் கடற்காற்றும் உப்பைக் கொணர்வன. மின்முனைகளிற் பச்சை படிந்தால் தடை கூடி வோல்ற்றளவு குறையும். மாதம் ஒருமுறை முனைகளைத் துடைத்து, இணைப்புகளின் வெளிப்புறத்தில் வாசலைன் சிறிது பூசிவைத்தல் போதுமானது.

மோட்டரை இயக்கும் பலகை

எழுவான்கரைத் தோட்டங்களில் பலகை பெரும்பாலும் 230 வோல்ற்று மின்னோடு தொடர்புடையது. இங்குக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். 230 வோல்ற்று வேலைகள் அனைத்தையும் தகுதி பெற்ற மின்னியலாளரே செய்தல் வேண்டும். ஈரநிலத்தில் வெறுங்காலுடன் நிற்போருக்கு ‘ட்ரிப் சுவிச்’ உயிர்க்காப்பாகும்.

பலகையோடு விற்கப்படும் சிறு ரிலேயின் மீது 10 அம்பியர் என்று எழுதியிருக்கும். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5 அல்லது 6 அம்பியரே கொள்ளும் என்று எண்ணி அதனை இணைத்துவிடுகின்றனர். மோட்டர் புறப்படும் கணத்தில் அதைப்போல் ஐந்தாறு மடங்கு கொள்ளும் என்பதை மறத்தலாகாது. அந்த வேகத்தில் ரிலேயின் உள்முனைகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்பு பலகை “நிறுத்து” என்று ஆணையிட்டாலும் மோட்டர் நிற்காது. கிணற்றில் உவர் ஏறும்வரை ஓடும். ஆகவே சிறு ரிலே மோட்டருக்கென்றே செய்யப்பட்ட கொன்ராக்டரை இயக்க, கொன்ராக்டர் மோட்டரை இயக்குதல் வேண்டும். மேலும், பலகையின் தயவை எதிர்பாராது நீர் தாழ்ந்தவுடன் மோட்டரை நிறுத்தும் மிதவைச் சுவிச்சு ஒன்று கிணற்றில் இருத்தல் இன்றியமையாதது.

ரிலேயின் சுருளும் 70 மில்லியம்பியருக்கு மேற் கொள்ளும். அதனைப் பலகையின் 3.3 வோல்ற்று முனையிலிருந்து எடுப்பின் மோட்டர் இயங்கும் கணத்திலேயே பலகை வீழும். அதற்கு 5 வோல்ற்றுத் தனிவழி வேண்டும். மோட்டரின் கம்பிகளைப் பலகையின் கம்பிகளோடு சேர்த்துக் கட்டுதலும் ஆகாது. மோட்டர் நிற்கும்போது எழும் மின்னதிர்ச்சி பலகையைக் குழப்பும். பலகையில் எழுதப்படும் கட்டளைத் தொடரில் இரு விதிகள் தவறாது இருத்தல் வேண்டும்: பலகை எக்காரணத்தால் மீண்டும் எழுந்தாலும் மோட்டர் நிறுத்திய நிலையிலேயே இருக்க வேண்டும், ஒரு முறைக்கு இத்தனை நிமிடத்துக்கு மேல் மோட்டர் ஓடலாகாது.

மின்தடையும் இங்கு நோக்கத்தக்கது. 2022ஆம் ஆண்டில் நாட்டில் நாளுக்குப் பல மணி நேர மின்வெட்டு நிலவியது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின் தடைப்பட்டது. மின் மீளும்போது வோல்ற்றளவு சிறிது நேரம் ஏறி இறங்குவது உண்டு. மின் வந்தபின் சில நிமிடம் பொறுத்தே மோட்டர் இயங்குமாறு செய்தல் நலம். சித்திரை, ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் இடிமழை வேளைகளில் பலகையின் செருகியைக் கழற்றிவிடுதல் எல்லாக் காப்பிலும் சிறந்த காப்பாகும். இடி கேட்குமுன், மேகம் கறுக்கும்போதே கழற்றுதல் வேண்டும்.

பழுதறியும் ஒழுங்கு

பலகை நின்றவிடத்துப் பின்வரும் ஒழுங்கை மாற்றாது கைக்கொள்ளின், வீண் செலவு பெரும்பாலும் நேராது. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எது காரணம் என்பது தெரியாது போகும்.

(1) முதலில் பார்த்தலும் மணத்தலும். கருகிய மணம், பச்சை படிந்த முனை, எறும்புக் கூடு, நீர்த்துளி, உப்பிய மின்கலம் ஆகியவற்றை நோக்குக. உப்பிய மின்கலத்தை மின்னேற்றலும் குத்தலும் ஆபத்து. அதனை வீட்டிலிருந்து அகற்றி உலர்ந்த மணலிட்ட மண்சட்டியில் வைத்து, மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைத்தல் வேண்டும். வாவியில் எறிதலும் குப்பையோடு எரித்தலும் ஆகாது.

(2) மின்கலத்தாலோ 5 வோல்ற்றாலோ இயங்கும் பலகையாயின் விரலால் தொட்டுப் பார்த்தல். 230 வோல்ற்று இணைந்த பெட்டியாயின் செருகியைக் கழற்றிய பின்னரே தொடுதல் வேண்டும். சில்லின் மூடி இளஞ்சூடாயிருப்பது இயல்பு. ஐந்து செக்கன் விரலை வைக்க இயலாவிடின் பழுது உண்டு. ரெகுலேற்றர் சுடின் உள்வரும் வோல்ற்றளவு மிகை. சில்லே சுடின் ஏதேனும் ஒரு முனையில் குறுஞ்சுற்று நேர்ந்திருத்தல் கூடும்.

(3) உணரிகளையும் ரிலேயையும் கழற்றிவிட்டுப் பலகையை மாத்திரம் இயக்குதல். அப்பொழுது நன்கு இயங்கின், ஒவ்வொன்றாக மீண்டும் இணைத்து, எதனை இணைத்தவுடன் வீழ்கின்றது எனக் காண்க. மண்ணில் புதைத்த ஈரவுணரியில் நீர் புகுந்திருத்தல் அடிக்கடி காணப்படும் காரணமாகும்.

(4) பல்மானியால் அளத்தல். 5 வோல்ற்று முனையில் 4.75க்குக் குறையாமலும், 3.3 முனையில் 3.2 முதல் 3.4 வரையும் இருத்தல் வேண்டும். மின்வழங்கியின் வாயிலன்றிப் பலகையின் முனையிலேயே அளக்க வேண்டும். பல்மானி மெதுவாகக் காட்டும் கருவியாதலால் கணநேர வீழ்ச்சியைக் காட்டாது. அளவு சரியாகத் தோன்றியும் பலகை தடுமாறின், முன் கூறிய கொள்ளளவியைப் பொருத்திப் பார்க்க. நோய் நீங்கின் வீழ்ச்சியே காரணம் என்பது உறுதி.

(5) கம்பியை மாற்றுதல். பின் மின்னேற்றியை மாற்றுதல். பின் மின்கலத்தை மாற்றுதல். மலிவான மின்னேற்றிகளில் எழுதப்பட்ட அளவு உண்மையிற் கிடைப்பதில்லை.

(6) பலகையை வைஃபை பெட்டிக்கு அருகே கொண்டுசென்று இயக்குதல். அங்கு நன்கு இயங்கி வயலில் இயங்காவிடின், குறை அலையிலோ வெயிலிலோ உள்ளது. அதிகாலையில் இயங்கி நண்பகலில் நிற்பின் வெயிலே காரணம். நண்பகலில் இயங்கி விடியலில் நிற்பின் மின்கலம் வறிதானதே காரணம்.

(7) இவையனைத்தும் செய்த பின்னரும் இயங்காவிடின் மாத்திரமே புதுப் பலகை வாங்குதல்.

கண்ணும் காலும் தவிராமை

எத்துணை நன்றாகப் பொருத்தினும் பலகை ஒரு துணைக்கருவியே. செய்தி வராதிருப்பதையும் ஒரு செய்தியாகக் கொள்ளுதல் வேண்டும். இரண்டு மணி நேரம் அளவு வராவிடின் தொலைபேசியில் எச்சரிக்கை தோன்றுமாறு அமைக்கலாம். அளவோடு மின்கலத்தின் வோல்ற்றளவையும் நாள்தோறும் அனுப்பச் செய்யின், மின்கலம் தளர்வது ஒரு வாரம் முன்னரே தெரியவரும்.

நெல்வயலில் பலகையின் சொல்லைச் சோதிக்க மலிவான சாட்சி ஒன்றும் உண்டு. துளையிட்ட, 30 சதமமீற்றர் நீளமான குழாய்த்துண்டொன்றை வயலில் ஊன்றி உள்ளே நீர்மட்டத்தைப் பார்ப்பதே அது. நீர் மண்பரப்புக்குக் கீழே 15 சதமமீற்றர் இறங்கும்வரை பொறுத்துப் பின் பாய்ச்சும் முறையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியுள்ளது. பூக்கும் பருவத்தில் மாத்திரம் அவ்வாறு காயவிடலாகாது. வாரம் இருமுறை வரம்பில் நடந்து அக்குழாயின் நீர்மட்டத்தையும் தொலைபேசி காட்டும் அளவையும் ஒப்பிடும் கமக்காரரைப் பலகை ஏமாற்ற இயலாது. தோட்டச் செய்கையாளரும் அவ்வாறே வாரம் ஒருமுறை கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து, நீரைச் சுவைத்துப் பார்த்தல் வேண்டும்.

பயிர் பற்றியும் நீர் பாய்ச்சும் காலம் பற்றியும் ஐயம் உள்ளோர் தத்தம் கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். பெரும்போகத்துக்கு உழவு தொடங்குமுன், கலப்பையையும் மண்வெட்டியையும் சீர்பார்க்கும் நாளிலேயே பெட்டியையும் திறந்து, முனைகளைத் துடைத்து, மின்கலத்தை அளந்து வைத்துக்கொள்ளுதல் நன்று.